அருவியைப் படம் பிடித்தவர்கள்



கடலூர் மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படியான அருவி எதுவும் இல்லை. கடல் உண்டு, உப்பங்கழி உண்டு, பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு உண்டு, வீராணம் போன்ற பேரேரி உண்டு. கெடிலமும் பெண்ணையும் வெள்ளாறும் கொள்ளிடமும் நம் சமவெளியை மெல்லக் கடந்து கடலிற் கலக்கின்றன. நீர் உயரத்திலிருந்து குதிக்கும் காட்சியைக் காண வேண்டுமாயின் சிதம்பரத்து மாணவனும் கடலூர் மாணவனும் வெளியூருக்குத்தான் பயணப்பட வேண்டும்.

ஆயினும் அருவிக்கும் நமக்கும் உறவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடத்தில் ஓடுகின்ற நீர் காவிரி நீரே. அது சிவசமுத்திரத்தில் இரு கிளையாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் பேரருவிகளாக விழுந்து, பின்னர் ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு வந்து, பிறகே நம் பக்கம் சாதுவாக நடக்கிறது. பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கும் வெள்ளாற்றிற்கு விருத்தாசலத்து மணிமுத்தாறு நீர் தருகிறது. அந்த மணிமுத்தாற்றிற்குக் கல்வராயன் மலையின் ஓடைகள் நீர் தருகின்றன. அம்மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி என்று அருவிகள் உள்ளன. 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படும் வரை கல்வராயன் மலையும் நம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. ஆகவே அருவி நம் பழைய உறவினர். வீடு மாறிப் போய்விட்டார், அவ்வளவுதான்.

நான் ஆசிரியனாகவும் பிறகு தலைமையாசிரியனாகவும் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களைச் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்வதுண்டு. கடற்கரையில் பிறந்த பிள்ளைகள் கடலுக்கு அஞ்சுவார்கள். அலையின் இயல்பு அவர்களுக்குத் தெரியும். அருவியைக் கண்டதும் அவர்களுக்கு அச்சம் என்பதே இராது. குளியலறைக் குழாய் சற்றுப் பெரிதாகிவிட்டது போல எண்ணிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் கையில் ஒரு படக்கருவியும் இருந்துவிட்டால் அவர்களைப் பிடித்து நிறுத்துவது எளிதன்று. அந்தக் கவலைதான் அருவியையும் படக்கருவியையும் பற்றி என்னைப் படிக்கத் தூண்டியது. படித்ததில் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படக்கருவி தோன்றுவதற்கு முன்பே நம் நாட்டு அருவிகளை ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். அவர்களுள் தலைசிறந்தவர்கள் தாமசு டேனியல் என்பவரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்பவரும். இருவரும் 1786ஆம் ஆண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். 1792ஆம் ஆண்டு தென்னாட்டிற்கு வந்தார்கள். திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. படைகள் நடந்த வழியிலேயே இவர்கள் பல்லக்கும் மாட்டு வண்டியும் ஆட்களுமாகப் பயணம் செய்து, பாபநாசத்தில் பொருநையாறு விழும் காட்சியை வரைந்தார்கள். இங்கிலாந்து திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட படத்தொகுதியில் 144 படங்கள் உள்ளன. பாபநாசத்து அருவியும் அவற்றுள் ஒன்று.

இவர்கள் வரைவதற்குத் துணையாக ஒரு பெட்டியைப் பயன்படுத்தினார்கள். இருட்டான பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி வில்லை, அதன் வழியே வரும் ஒளி மறுபக்கத்தில் காட்சியை உருவாக்கிக் காட்டும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் கோடுகளைப் பதித்துக்கொள்வார்கள். காமிரா என்னும் சொல்லுக்கு அறை என்பதே மூலப்பொருள். இருட்டறை என்பது அந்தப் பெட்டிக்கு அவர்கள் இட்ட பெயர். ஆக, பாபநாசத்திற்கு 1792ஆம் ஆண்டே காமிரா வந்துவிட்டது! வந்த உருவத்தைப் பிடித்து நிறுத்திவைக்கும் மருந்துதான் அப்போது இல்லை.

அந்த மருந்து 1839ஆம் ஆண்டு கிடைத்தது. பிரான்சு நாட்டுத் தாகேர் என்பவர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதித்து, பாதரச ஆவியால் அதனை வெளிப்படுத்தும் முறையை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் தாளில் பதிக்கும் முறையைக் கண்டார். 1851இல் ஆர்ச்சர் என்ற சிற்பி கண்ணாடித் தட்டில் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். இதனை ஈரத்தட்டு முறை என்பர். நாம் இதனைப் புகைப்படம் என்கிறோம். இதில் புகைக்கு ஒரு வேலையும் இல்லை. நிழற்படம், ஒளிப்படம் என்ற சொற்கள் பொருத்தமானவை. ஆனால் வழக்கில் வேரூன்றிய சொல்லோடு மல்லுக்கு நிற்பது வீண் வேலை என்பதை நாற்பது ஆண்டுத் தமிழ் வகுப்புகளைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டவன் என்ற முறையில் அறிவேன். நான் வரலாற்றாசிரியன்.

இந்த ஈரத்தட்டு முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதனை அறிந்தால்தான் அக்காலத்தில் ஒருவர் காட்டுக்குள் சென்று ஓர் அருவியைப் படமெடுத்தார் என்பதன் பொருள் விளங்கும்.

வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் பாகு போன்ற ஒரு நீர்மம் கிடைக்கும். அதற்குக் கொலோடியன் என்று பெயர். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்து, துடைத்த கண்ணாடித் தட்டின்மேல் ஊற்றி, தட்டை நான்கு பக்கமும் சாய்த்து ஒரே சீராகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டுக் கூடாரத்திற்குள் நுழைந்து அதனை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படக்கருவியில் பொருத்திப் படமெடுத்து, மீண்டும் கூடாரத்திற்கு ஓடிவந்து, மற்றொரு மருந்தை ஊற்றி உருவத்தை வெளிக்கொணர்ந்து, கழுவி, நிலைப்படுத்த வேண்டும். குளிர்நாட்டில் இவ்வளவிற்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். நம் நாட்டு வெயிலில் ஈதர் நொடியில் ஆவியாகிவிடும். அந்த நேரமும் கிடையாது. உலர்ந்த தட்டு பயனற்றது.

ஈதர் தீப்பற்றும் பொருள். அதன் ஆவியை அடைத்த கூடாரத்தில் முகர்ந்துகொண்டே இருந்தால் தலை சுற்றும். வெள்ளி நைட்ரேட் பட்ட இடம் கறுக்கும். அக்காலப் படக்காரர்களை அவர்கள் விரல்களைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். படத்தை நிலைப்படுத்துவதற்குப் பலர் பயன்படுத்திய பொட்டாசியம் சயனைடு கொடிய நஞ்சு. இவற்றையெல்லாம் புட்டிகளிலே நிரப்பி, கனத்த கண்ணாடித் தட்டுகளோடும் மரத்தாலான பெரிய படக்கருவியோடும் முக்காலியோடும் கூடாரத்தோடும் மலைமேல் ஏற்ற வேண்டும். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கும் வசதி எளிதில் கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும். அதற்கேற்ற பெரிய பெட்டியும் வேண்டும்.

இதில் அருவிக்கென்று தனித் தொல்லைகள் சில இருந்தன. தட்டைக் கழுவ நல்ல நீர் நிறைய வேண்டும். ஆகவே கூடாரத்தை நீருக்கு அருகே அடிக்க வேண்டும். அருகே அடித்தாலோ சாரல் வந்து வில்லையை மூடும். அருவி பெரும்பாலும் இடுக்கில் விழுவது. அங்கே வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் வில்லையை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். விழுகின்ற நீர் தானே காற்றை எழுப்பும். அந்தக் காற்றில் மரங்களின் இலைகள் ஓயாமல் ஆடும். படத்தில் அவை கலங்கிப் போகும். அன்றைய மருந்து நீல ஒளியையே மிகுதியாக உணரும் இயல்பினது. பச்சை இலை கறுப்பாகவும் வெண்ணீர் சுண்ணாம்பு போலவும் பதியும். பல நொடிகள் திறந்திருந்த வில்லையின் முன் நீர் ஓடிக்கொண்டே இருந்தமையால், துளி துளியாக விழுந்த அருவி படத்தில் தொங்கவிட்ட மெல்லிய துணிபோலக் காணப்பட்டது. இதைக் குறையென்று அக்காலத்தார் வருந்தினார்கள்.

தமிழ்நாட்டில் பெரிய அளவில் முதன்முதல் படமெடுத்தவர்களுள் லினேயசு திரைப் என்னும் படைத்தலைவர் ஒருவர். சென்னை அரசாங்கம் 1856இல் அவரைப் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களில் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்தார். வெப்பத்தை எண்ணி அவர் மெழுகு தோய்த்த தாள்முறையையே பெரிதும் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்தில் ஒரே படமாக ஆக்கினார். செலவு மிகுதி என்று கருதி 1859இல் அப்போதைய ஆளுநர் திரெவெலியன் அந்தப் பணியையே நிறுத்திவிட்டார். அதே காலத்தில் சென்னையில் அய்யாசாமி என்ற தமிழர் ஒருவரும் இக்கலையில் தேர்ந்திருந்தார் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளையர் பெயர்களே நிறைந்த ஏட்டில் அந்தப் பெயர் ஒரு மூலையில் நிற்கிறது.

காட்டு வழியில் படமெடுத்தவர்களுள் பெரும் பெயர் பெற்றவர் சாமுவேல் போர்ன். வங்கியில் எழுத்தராக இருந்தவர். 1863இல் இந்தியாவிற்கு வந்து, அந்த ஆண்டே சிம்லாவிலிருந்து ஏறக்குறைய முப்பது சுமையாட்களோடு இமயத்தினுள் சென்றார். அடுத்த ஆண்டும், 1866இலும் இன்னும் பெரிய கூட்டத்தோடு சென்றார். மூன்றாம் பயணத்தில் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று படமெடுத்தார். பிற்பாடு நீலகிரிக்கும் வந்தார். அவர் பெயரால் நடந்த கல்கத்தாப் படநிலையம் 2016ஆம் ஆண்டுவரை இருந்தது.

போர்ன் தம் பயண அனுபவங்களை இங்கிலாந்துப் பத்திரிகையொன்றில் தொடர்ந்து எழுதினார். சுமையாட்கள் வழியில் ஓடிப்போனதைப் பற்றி அவற்றில் கோபத்தோடு முறையிட்டிருக்கிறார். எனக்கென்னவோ ஓடிப்போனவர்களிடம்தான் இரக்கம் பிறக்கிறது. அவர்களுள் பலர் தாமாக விரும்பி வந்தவர்களும் அல்லர். ஊர் அதிகாரிகள் பிடித்துக்கொடுத்து வந்தவர்கள். கண்ணாடியும் நஞ்சும் தீப்பற்றும் மருந்தும் அடங்கிய பெட்டியைத் தலையிலோ முதுகிலோ சுமந்து, பனியிலும் வழுக்குப் பாறையிலும் கால் வைத்தவர்கள் அவர்கள். படத்தின் கீழே போர்ன் பெயர் உண்டு. அதற்கு எண்ணும் உண்டு. சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை. பழைய படம் எதையேனும் நீங்கள் அருங்காட்சியகத்தில் காண நேர்ந்தால், படக்கருவிக்குப் பின்னால் நின்ற அந்தக் கூட்டத்தையும் ஒரு கணம் மனக்கண்ணால் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்துக் கருவியின் கனமே ஒருவகைக் காவலாக இருந்தது. முக்காலியை நாட்டுவதற்குச் சமமான, உலர்ந்த இடம் வேண்டும். கூடாரம் அடிக்க அதைவிடப் பெரிய இடம் வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கவே அரைநாள் ஆகும். வழுக்குப் பாறையின் விளிம்பில் முக்காலி நிற்காது. ஆகவே அதன் உடையவரும் அங்கே நிற்கவில்லை.

இனி, கடல் கடந்து அமெரிக்கா சென்று ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். நயாகரா அருவியின் அமெரிக்கக் கரையில் பாபிட் என்ற படக்காரர் ஒருவர் கூடாரம் போட்டிருந்தார். காட்சி காண வருவோரை அருவியைப் பின்புறமாக வைத்துப் படமெடுத்து விற்பது அவர் தொழில். அருவியின் முன் நின்று தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் ஆசை கைப்பேசியோடு பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும். அது படக்கலையோடு உடன்பிறந்தது.

1853ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அருவிக்கு மேலே ஆற்றில் மூவர் சென்ற படகு கட்டுக்கடங்காமல் போயிற்று. இருவர் அடித்துச் செல்லப்பட்டு அருவியில் வீழ்ந்தனர். ஏவரி என்னும் மூன்றாமவர் ஆற்றின் நடுவே பாறையில் சிக்கிக் கிடந்த ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டார். ஏறத்தாழ பதினெட்டு மணிநேரம் பற்றிக்கொண்டே இருந்தார். கரையில் மக்கள் திரண்டார்கள். படகுகளையும் மிதவையையும் கயிற்றில் கட்டி அனுப்பினார்கள், ஒன்றும் கைகூடவில்லை. இறுதியில் அவரும் நீரோடு போனார். கரையில் இருந்த பாபிட் தம் கருவியை அந்தப் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தார். பொங்கும் வெண்ணீருக்கு நடுவே ஒரு சிறு கரும்புள்ளியாக அம்மனிதர் தெரிகிறார். செய்திப் படங்களின் தொடக்கத்தில் வைத்து எண்ணப்படுவது அந்தப் படம். அது இன்றும் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளது.

இந்தப் படத்தைப் பற்றி வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘அவர் ஏன் ஐயா படமெடுத்துக்கொண்டு நின்றார்? காப்பாற்றியிருக்கக் கூடாதா?’ நியாயமான கேள்வி. ஆனால் காப்பாற்ற முயன்றவர்கள் இருந்தார்கள். ஆறு அவர்களைவிட வலியது. பாபிட் ஒருவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. எனினும் அவர் அந்தப் படத்தை விற்றார் என்பதை அறியும்போது நம் மனம் கூசத்தான் செய்கிறது.

1871இல் மேடக்சு என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தட்டு முறையைக் கண்டார். ஈதரின் நெடி தமக்கு ஒவ்வாமையால் அவர் மாற்றுவழி தேடினார் என்பர். அதன்பின் கூடாரம் தேவையில்லை. மருந்துப் புட்டி தேவையில்லை. 1888இல் ஈஸ்ட்மன் சுருள் படலமும் கையடக்கக் கோடாக் பெட்டியும் கொண்டுவந்தார். முக்காலியும் போயிற்று. என் இளமையில் வசதியுள்ள வீடுகளில் பரோடாவில் செய்த அக்பா கிளிக் பெட்டி ஒன்று இருக்கும். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். அதற்கு மேல் இல்லை. உதகையில் 1967 முதல் இந்து என்ற பெயரோடு படச்சுருள் செய்த அரசுத் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. இப்போது அது மூடப்பட்டுவிட்டது. பன்னிரண்டே படம் என்றால் மனிதன் யோசிப்பான். எங்கே நிற்பது, யார் நிற்பது, கதிரவன் எந்தப் பக்கம் என்று நூறு முறை எண்ணிய பிறகே விரல் அசையும்.

இப்போது கணக்கே இல்லை. கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கலாம், செலவும் இல்லை. இதனை நான் குறைகூறவில்லை. என் பேரப்பிள்ளைகள் எடுக்கும் படங்களைப் பார்த்து வியப்பவன் நான். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. கைப்பேசியின் வில்லை அகன்ற காட்சியைக் காட்டுவது. அகன்ற வில்லையில் தொலைவிலுள்ள பொருள் மிகச் சிறிதாகத் தெரியும். கண்ணுக்கு மலைபோல நிற்கும் அருவி சிறு திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். உடனே, ‘இன்னும் சற்று அருகே போனால் நன்றாயிருக்கும்’ என்று கால் தானே நகரும். போதாக்குறைக்கு, தன்னையே படமெடுப்பவன் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் கண் திரையில், காது அருவியின் இரைச்சலில், கால் பாசியில். எந்தப் புலனும் அவன் வசம் இல்லை.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் திண்டுக்கல் மாவட்டத்தில் தாண்டிக்குடிக்கு அருகேயுள்ள புல்லாவெளி அருவியில் ஓர் இளைஞர் பாறை விளிம்பில் நின்றார். அவர் நண்பர் கைப்பேசியில் அசையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தபோது கால் வழுக்கிற்று. சில நாட்களுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. அந்தக் காட்சி முழுவதும் நண்பரின் கைப்பேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. 1853இல் பாபிட் எடுத்த படமும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு வேறுபாடு: ஏவரி படமெடுத்துக்கொள்ள ஆற்றில் இறங்கவில்லை.

2024 ஜூலையில் மராட்டிய மாநிலத்து இராய்காட் மாவட்டத்தில் கும்பே அருவியருகே அசையும் படம் எடுக்க முயன்ற இளம்பெண் ஒருவர் ஏறத்தாழ 300 அடிப் பள்ளத்தில் வீழ்ந்து மாண்டார். தன்னையே படமெடுக்கும்போது நேர்ந்த சாவுகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் செய்தித்தாள்களிலிருந்து தொகுத்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் 137 நிகழ்ச்சிகளில் 259 பேர் இறந்ததாக அது கணக்கிட்டது. நீரில் மூழ்கியவர்களே அவர்களுள் மிகுதி. நாடுகளுள் முதலிடம் நம் நாட்டிற்கு. செய்தித்தாளில் வராத சாவுகள் அக்கணக்கில் சேரவில்லை.

அருவி ஏன் இவ்வளவு இடர் உடையது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோ. முழங்கால் அளவே ஓடினாலும் விரைந்து ஓடும் நீர் ஆளைத் தள்ளிவிடும். நெடுங்காலமாக நீர் தேய்த்த பாறை கண்ணாடி போல் இருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி படர்ந்திருக்கும். உலர்ந்த பாறையில் நன்றாகப் பற்றும் செருப்பு அதில் பற்றாது. அருவியின் அடியில் உள்ள மடுவில் நீரோடு காற்றுக் குமிழிகள் கலந்து நுரைத்திருக்கும். நுரைத்த நீர் ஆளைத் தாங்காது. நீந்தத் தெரிந்தவனும் அதில் அமிழ்வான். கீழே பாறைக்கடியில் குடைவுகள் இருக்கும்; சுழல் ஆளை அங்கே செருகிவிடும்.

இவற்றினும் கொடியது திடீர் வெள்ளம். அருவியடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மலைமேல் பத்துக் கல் தொலைவில் பெய்த மழை நீர் ஓடைகளில் திரண்டு வந்துகொண்டிருக்கும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் இதுவே நடந்தது. சாரல் பருவம் தொடங்கவில்லை, கோடை மழை. மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது வெள்ளம் சில நொடிகளில் பெருகிப் படிக்கட்டுகளை மூடியது. பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நீர் திடீரெனச் செந்நிறமாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சலின் குரல் மாறுவது ஆகியவை முன்னறிகுறிகள். மலைவாழ் மக்களும் பரிசல் ஓட்டிகளும் இவற்றை ஓசையிலேயே அறிவார்கள். வெளியூரிலிருந்து வந்து ஒருநாள் தங்குபவன் அறியமாட்டான். அதனால்தான் உள்ளூர்க்காரர் ஒருவர் ‘இன்று இறங்காதீர்கள் தம்பி’ என்றால் அதனை மறுபேச்சின்றிக் கேட்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் அருவி இல்லை என்றேன். அதனால் நமக்கு இடர் இல்லை என்று கொள்ள வேண்டா. 2022 ஜூன் 5ஆம் நாள் நெல்லிக்குப்பத்திற்கு அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளித்த சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒருங்கே மூழ்கி இறந்தனர். அமைதியாய்த் தேங்கிய நீர், அடியில் பள்ளம். ஒருவர் மூழ்கியதைக் கண்டு மற்றவர் காக்கப் போய் அனைவரும் போயினர் என்று செய்தி வந்தது. அன்று மாலை எங்கள் தெருவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

காக்கப் போய் உயிர் துறந்தவர் என்றதும் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒருவர் நினைவுக்கு வருகிறார். வ. வே. சு. ஐயர். திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்தவர். சட்டம் பயில இலண்டன் சென்று விடுதலை வீரராகத் திரும்பியவர். 1910 முதல் நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் பாரதியாரோடு வாழ்ந்தார். பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். ஐயர் 1920 வரை புதுச்சேரியிலேயே தங்கி, பின்னர்த் தேசபக்தன் இதழில் வெளிவந்த கட்டுரைக்காகச் சிறை சென்று, அங்கே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் அரியதோர் ஆய்வு எழுதினார். விடுதலைக்குப் பின் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். உணவுப் பந்தியில் சாதி வேறுபாடு காட்டப்பட்டதால் அந்தக் குருகுலத்தின்மேல் எழுந்த கண்டனம் தனி வரலாறு. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவர்களைப் பாபநாசத்திற்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். டேனியல்கள் வரைந்த அதே பொருநை. கல்யாண தீர்த்தம் என்று வழங்கும் இடம். அவருடைய மகள் சுபத்திரை ஓடையைத் தாண்ட முயன்று தவறி நீரில் வீழ்ந்தாள். ஐயர் பின்னாலேயே குதித்தார். இருவரும் மீளவில்லை. அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. அவர் திருக்குறளுக்குச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1916இலேயே வந்துவிட்டது. சிறையில் எழுதிய கம்பராமாயண ஆய்வு நூலாவதைப் பார்க்க அவர் இல்லை.

மாணவரை வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுவேன். ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதவும் கரும்பலகையைப் பயன்படுத்தவும் எங்களுக்குக் கற்பித்தார்கள். வழுக்குப் பாறையில் நாற்பது பிள்ளைகளை எப்படி நிறுத்துவது என்பதை யாரும் கற்பிக்கவில்லை. நான் கைக்கொண்ட முறை எளியது. பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் யாரும் நீரருகே போகக்கூடாது. உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து அந்த இடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்வேன். பிறகு மூவர் மூவராகச் சேர்ப்பேன். படமெடுப்பவன் ஒருவன், நிற்பவன் ஒருவன், இருவரின் கால்களையும் நீரின் நிறத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் மூன்றாமவன். நீண்ட கயிறு ஒன்றும் காற்றடைத்த இரண்டு மோட்டார் டியூப்பும் எப்போதும் எங்களோடு வரும். ஒருவன் நீரில் விழுந்தால் கயிற்றை வீசுவது, டியூப்பை எறிவது, கூவி ஆளழைப்பது. இவையே செய்யத்தக்கவை, குதிப்பது அன்று என்று முதல்நாளே வகுப்பில் பழக்கிவிடுவோம். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ‘சார், இது சுற்றுலாவா, சாரணர் முகாமா?’ என்று கேட்டவனும் உண்டு.

படமே எடுக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக எடுங்கள். டேனியல்கள் நின்ற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அருவியின் காலடியில் நிற்கவில்லை. முழு மலையும் மரங்களும் மனிதரும் சேர்ந்து தெரியும் தொலைவில் நின்றார்கள். அருவியின் உயரம் அதன் பக்கத்தில் எறும்புபோலத் தெரியும் ஒரு மனிதனாலேயே விளங்கும். மிக அருகே சென்றவன் படத்தில் நுரைதான் இருக்கும். கதிரவன் மேலேறுவதற்கு முன்பும் மேகம் மூடிய நேரத்திலும் எடுங்கள். நண்பகலில் வெண்ணீர் கண்ணைக் கூசவைத்து விவரமெல்லாம் அழிந்துபோகும். வில்லையைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்று பையில் இருக்கட்டும். கையை நீட்டி எடுப்பதை விட்டு, கரையில் உறுதியான இடத்தில் ஒரு சிறு முக்காலியை நாட்டுங்கள். வில்லை கால் நொடியோ அரை நொடியோ திறந்திருக்குமாறு அமைத்துக்கொண்டால், நீர் வெண்துகில்போல இழையிழையாகத் தொங்குவதைக் காண்பீர்கள். இக்காலப் படக்கலைஞர்கள் அந்தத் தோற்றத்திற்காகவே கருப்புக் கண்ணாடி ஒன்றை விலைகொடுத்து வாங்கி வில்லையின் முன் மாட்டுகிறார்கள். போர்ன் காலத்தில் ஈரத்தட்டை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு வேண்டாமலே கிடைத்த படம் அது.